மூன்று லட்ச ரூபாய்க்குப் பாட்டுக் கேட்கலாமா?

இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாம் ஒரே திசையிலிருந்து: விலை உயர்ந்த கையடக்க மியூசிக் பிளேயர்கள். எது நன்றாகப் பாடும், ஏன் இந்த விலை, வித்தியாசம் காதிலா மனசிலா? வரிசையாகப் பார்த்துவிடலாம்.

முன்னாள் ஐபாட்காரர், மதுரை
கே: பாட்டுக் கேட்பதற்கென்றே தனியாக ஒரு பெட்டி என்பது செல்போன் வந்ததும் செத்துப்போய்விட்டதே. இன்னுமா விற்கிறார்கள்?

ப: செத்தது அதில் நடுத்தர வர்க்கம் மட்டும்தான். 2001 அக்டோபரில் 5 ஜிபி ஹார்டு டிஸ்க்கோடு வந்த ஐபாடை, 2022 மே மாதம் ஆப்பிள் ஏறக்கட்டியது. அதே 2022இல்தான் தென் கொரியாவின் அஸ்டெல் அண்டு கெர்ன், எஸ்பி3000 என்ற பிளேயரை 3,699 டாலருக்கு இறக்கியது. நம் பணத்தில் சுமார் மூன்று லட்சம். ரோலக்ஸ் கைக்கடிகாரத்துக்குப் போடுகிற 904எல் ரக ஸ்டீலில் உடம்பு. எடை 493 கிராம். அதாவது சாதாரணர்கள் கூட்டமாகப் போனுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிற சிலரிடமே மொத்தக் காசையும் வசூலிக்கிறார்கள்.

நகைக்கடை ஊழியர், கோவை
கே: தங்க முலாம் பூசிய பிளேயர் இருக்கிறதாமே! பாட்டு ஜொலிக்குமா?

ப: சோனி 2016இல் கொண்டுவந்த என்டபிள்யூ-டபிள்யூஎம்1இசட்டைச் சொல்கிறீர்கள். ஆக்சிஜன் நீக்கிய செம்புக் கட்டியைக் குடைந்து செய்த உடம்பு, மேலே தங்க முலாம், எடை 455 கிராம், விலை 3,200 டாலர். செம்பில் மின்தடை குறைவு, அதனால் சர்க்யூட்டின் ‘கிரவுண்டு’ ஆடாமல் நிற்கும், செம்பு கறுக்காமல் இருக்கத் தங்கம் என்று காரணம் சொன்னார்கள். கூடவே அலுமினிய உடம்போடு டபிள்யூஎம்1ஏ என்று ஒரு தம்பியும் வந்தான். ஒலியைப் பெருக்குகிற ஆம்ப் ஒன்றுதான், உள் ஒயரும் சில பாகங்களும் வேறு. எடை 267 கிராம், விலை 1,200 டாலர். அண்ணனையும் தம்பியையும் காதால் பிரித்தறிவது கஷ்டம். சட்டைப் பையில் போட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் சட்டை தொங்குகிறதோ அதுதான் அண்ணன்.

இரண்டு பிளேயர் வைத்திருப்பவர், ஈரோடு
கே: எது நன்றாக இருக்கிறது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்டுக் குழம்பிப்போயிருக்கிறேன். முறையாக ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

ப: முதல் எதிரி வால்யூம். ஒன்று மற்றதைவிடத் துளி சத்தமாக இருந்தாலும் ‘இது சத்தம் அதிகம்’ என்று காது சொல்லாது. ‘இது தெளிவு, இதில் பேஸ் கனம், பாடகி பக்கத்தில் நிற்கிறாள்’ என்று சொல்லும். சத்தம் ஏற ஏறக் கீழ் ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் நமக்குக் கூடுதலாகக் கேட்கும் என்பதை 1933லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் வரைபடமே போட்டுக் காட்டிவிட்டார்கள். திரையில் இரண்டு பிளேயரும் ‘60’ என்று காட்டுவதை நம்பாதீர்கள். ஒன்றின் 60 மற்றதன் 60 அல்ல.

செய்ய வேண்டியது இது. 1,000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். ஜாக்கில் இரட்டைப் பிரிப்பான் ஒன்றைச் செருகி, ஒரு துளையில் உங்கள் இயர்போன், மறு துளையில் மல்டிமீட்டர் முனைகள். முதல் பிளேயரில் 200 மில்லிவோல்ட் வந்தால், அடுத்ததையும் 198க்கும் 202க்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். இது 0.1 டெசிபல் கணக்கு. பிறகு வீட்டில் பொறுமைசாலி ஒருவரைப் பிடித்து, நீங்கள் பார்க்காதபடி பிளேயரை மாற்றச் சொல்லுங்கள். ஒரே பாட்டில் ஒரே பத்து விநாடியை 16 தடவை கேட்டு, எது எது என்று எழுதுங்கள். 12 சரி என்றால் உங்கள் காதுக்கு ஏதோ அகப்பட்டிருக்கிறது. வெறும் குருட்டு அதிர்ஷ்டத்தில் 12 வர வாய்ப்பு நூற்றுக்கு நான்குகூட இல்லை. எட்டு ஒன்பது என்றால் விலை மலிவானதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுங்கள்.

சிப் ஆராய்ச்சியாளர், சேலம்
கே: ‘ஏகேஎம் சிப் என்றால் பட்டு, ஈஎஸ்எஸ் சிப் என்றால் கத்தி’ என்கிறார்களே, உண்மையா?

ப: டிஜிட்டல் எண்களை மின்னலைகளாக மாற்றுகிற டிஏசி சிப்பைத்தான் சொல்கிறீர்கள். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் ஏகேஎம் தொழிற்சாலை தீப்பிடித்துப் பல நாள் எரிந்தது. உலகம் பூராவும் பிளேயர் கம்பெனிகள் தலையில் கை வைத்தன. சிலர் போட்டிக் கம்பெனியான ஈஎஸ்எஸ் பக்கம் தாவினார்கள். சிலர் சிப்பே வேண்டாமென்று தனித்தனி ரெசிஸ்டர்களை அடுக்கி ‘ஆர்2ஆர்’ முறைக்குப் போனார்கள். ஃபியோவின் எம்11 பிளஸ் முதலில் ஏகேஎம்மோடு வந்தது, பிறகு ஈஎஸ்எஸ்ஸோடு வந்தது. பட்டு, கத்தி ரசிகர்கள் இரண்டையும் ரசித்துத்தான் கேட்டார்கள். இன்றைய நல்ல சிப் எதை எடுத்தாலும், அது செய்கிற பிழை காது பிடிக்கிற எல்லைக்குக் கீழே கிடக்கிறது. குணம் தெரிவது அதற்குப் பின்னால் நிற்கிற ஆம்ப்பில்.

சந்தேகப் பிராணி, திருச்சி
கே: அப்படியானால் எல்லா பிளேயரும் ஒன்றுதானா? என் இயர்போன் நண்பரின் பிளேயரில் கணீரென்று இருக்கிறது, என்னுடையதில் மந்தம். பிரமையா?

ப: பிரமையாக இல்லாமலும் இருக்கலாம். அவுட்புட் இம்பீடன்ஸ் என்று ஒரு சமாச்சாரம் உண்டு, பிளேயர் ஜாக்கின் உள்தடை. பல டிரைவர் (உள்ளே ஒலி எழுப்புகிற குட்டி ஸ்பீக்கர்) வைத்த இயர்போன்களின் தடை ஸ்தாயிக்கு ஸ்தாயி மாறும். கீழே 10 ஓம், மேலே 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஓம் பிளேயரில் செருகினால் மேல் ஸ்தாயி அரை டெசிபல் சொச்சம்தான் தூக்கும். 22 ஓம் பிளேயரில் செருகினால் ஆறு டெசிபலுக்கு மேல் தூக்கிவிடும். வேறு இயர்போன் வாங்கியது மாதிரியே இருக்கும்! 22 என்று கற்பனையாகச் சொல்லவில்லை. அஸ்டெல் அண்டு கெர்ன் 2012இல் வெளியிட்ட முதல் பிளேயர் ஏகே100இன் அளவு அது. அடுத்த பதிப்பில் 3 ஓமுக்கு இறக்கினார்கள். இயர்போனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே பிளேயரின் தடை இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. விளம்பரத்தில் சிப் பெயரைத் தேடாதீர்கள், இந்த எண்ணைத் தேடுங்கள்.

தூக்கம் கெட்டவர், நாகர்கோவில்
கே: பாட்டு நிற்கிற இடைவெளியில் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். விலையோ ஒரு லட்சம்!

ப: உங்கள் இயர்போன் ரொம்ப நுணுக்கமான காதுக்காரர். பெரிய ஹெட்போனை விரட்டுவதற்கென்று செய்த பலமான ஆம்ப்பில் சின்ன இயர்போனைச் செருகினால், ஆம்ப்பின் சொந்த இரைச்சலும் கேட்கும். பிளேயரில் ‘லோ கெயின்’ (குறைந்த பெருக்கம்) இருந்தால் போட்டுப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் பிளேயரை மாற்றுங்கள். பிளேயருக்குப் பிளேயர் நிஜமாகவே காதில் கேட்கிற வித்தியாசங்களில் இது ஒன்று.

4.4 ரசிகர், ஓசூர்
கே: 4.4 மி.மீ. பேலன்ஸ்டு ஜாக்கில் போட்டதும் பாட்டு உயிர் பெற்று எழுகிறதே!

ப: பாட்டு எழவில்லை, சத்தம் எழுந்தது. பேலன்ஸ்டில் ஒவ்வொரு காதுக்கும் இரண்டு ஆம்ப் எதிரெதிராக வேலை செய்வதால் வோல்டேஜ் இரண்டு மடங்கு வரை கிடைக்கும், 6 டெசிபல். வால்யூமில் கை வைக்காமல் ஜாக்கை மட்டும் மாற்றினால் யாருக்குத்தான் பிடிக்காது? முக்கி முனகுகிற கனத்த ஹெட்போனுக்கு இது நிஜமாகவே உதவும். சின்ன இயர்போனுக்கு ஜம்பம்.

வால்வு ரேடியோ வாரிசு, கும்பகோணம்
கே: வால்வு வைத்த பிளேயர்கூட வந்துவிட்டதாமே? தாத்தா காலத்து இனிமை வருமா?

ப: வந்திருக்கிறது. கோர்க் கம்பெனி உருவாக்கிய ‘நியூட்யூப்’. வி.சி.ஆர். முகப்பில் நீலப் பச்சையாக மணி காட்டியதே, அந்த ரகத் தொழில்நுட்பத்தில் செய்த குட்டி வால்வு. சீனாவின் கெயின் என்8, அஸ்டெல் அண்டு கெர்ன் எஸ்பி2000டி இரண்டிலும் இருக்கிறது. வால்வு ஒலியோடு தன் பங்குக்குக் கொஞ்சம் திரிபைச் சேர்க்கும். சாம்பாரில் ஒரு துண்டு வெல்லம் போடுகிற மாதிரி. ருசி கூடலாம், ஆனால் பதிவில் இல்லாத ஒன்று. துல்லியத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, அதைக் கொஞ்சம் குறைக்க மேலும் காசு கொடுப்பது நம் காலத்து வினோதம்.

24 பிட் பித்தர், புதுச்சேரி
கே: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்கும் சாதாரண சி.டி. தரத்துக்கும் வித்தியாசம் கேட்குமா?

ப: இதற்கு ஆய்வே நடந்திருக்கிறது. 2007இல் மேயர், மோரன் இருவரும் உயர்தரப் பதிவை நேராகவும், சி.டி. தரத்துக்கு இறக்கியும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. பூவா தலையா போட்டிருந்தால் ஒன்று கூடுதலாகவே வந்திருக்கும். 2016இல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில் வெற்றி 52.3 சதவீதம், பயிற்சி பெற்ற காதுகளுக்கு அதைவிடக் கூடுதல். ஆகவே ‘சுத்தமாக ஒன்றுமில்லை’ என்று சொல்ல முடியாது. ‘வானத்துக்கும் பூமிக்கும்’ என்று சொல்கிறவரை மட்டும் நம்பாதீர்கள்.

பழைய பாட்டுப் பிரியர், திருநெல்வேலி
கே: எழுபதுகளின் திரைப்பாடல்கள் 24 பிட்டில் கிடைக்கின்றன. வாங்கலாமா?

ப: அன்றைக்கு ஒலிப்பதிவு நாடாவில். நாடாவுக்கென்று ஒரு இரைச்சல் உண்டு, சி.டி.யின் 16 பிட் தருகிற 96 டெசிபல் வீச்சுக்குள்ளேயே அது தாராளமாக அடங்கிவிடும். 24 பிட்டில் கூடுதலாகக் கிடைப்பது நாடாவின் இரைச்சல், இன்னும் துல்லியமாக. மூல நாடாவிலிருந்து எடுத்தார்களா, யார் எடுத்தார்கள், சத்தத்தை உயர்த்தி அமுக்கினார்களா என்று பாருங்கள். நன்றாக எடுத்த பழைய சி.டி. கையில் இருந்தால், அவசரப்பட்டு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

ராக் ரசிகர், வேலூர்
கே: நீல் யங் ஒரு பிளேயர் செய்தாரே, என்ன ஆயிற்று?

ப: போனோ. முக்கோண வடிவம், 399 டாலர். 2014இல் கிக்ஸ்டார்ட்டரில் 60 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. எம்பி3 கொன்ற இசையை மீட்கப் போகிறோம் என்று பெரிய பெரிய பாடகர்கள் சாட்சி சொன்னார்கள். மறு வருடம் டேவிட் போக் என்ற அமெரிக்கத் தொழில்நுட்ப எழுத்தாளர், போனோவையும் ஐபோனையும் எது எதுவென்று சொல்லாமல் சிலரைக் கேட்க வைத்தார். பெரும்பாலும் ஐபோனைத்தான் நன்றாக இருக்கிறது என்றார்கள். 2017இல் கடையைக் கட்டினார்கள்.

சௌகரியப் பிரியர், சென்னை
கே: எஸ்பி3000 வாங்கி புளூடூத் ஹெட்போனில் கேட்கிறேன். சரிதானே?

ப: புளூடூத்தில் எண்கள்தான் காற்றில் போகின்றன. அவற்றை ஒலியாக மாற்றுகிற டிஏசியும் ஆம்ப்பும் ஹெட்போனுக்குள் இருக்கின்றன. நீங்கள் மூன்று லட்சம் கொடுத்து வாங்கிய சிப் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. எழுப்பாதீர்கள்.

பொறுமைசாலி, தர்மபுரி
கே: புது பிளேயரை 200 மணி நேரம் ஓடவிட்டால்தான் ஒலி பழகும் என்கிறார் கடைக்காரர்.

ப: பழகுவது உங்கள் காது. 200 மணி நேரம் முடிவதற்குள், பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கிற கெடுவும் முடிந்துவிடும்.

ஓய்வு பெற்றவர், காரைக்குடி
கே: வயது 61. பணிக்கொடைப் பணம் வந்திருக்கிறது. இப்போது வாங்கலாமா?

ப: சிறு வயதில் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கிற காது, வயது ஏற ஏற உச்சியிலிருந்து குறைந்துகொண்டே வரும். நன்றாகக் கேட்கிற வயதில் கையில் காசு இல்லை; காசு வரும் வயதில் அந்த உச்சி இல்லை. கவலை வேண்டாம், பாட்டின் ஜீவன் எல்லாம் அதற்குக் கீழேதான் இருக்கிறது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுங்கள்: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பட்ஜெட் பத்மநாபன், விழுப்புரம்
கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கையில் 50,000 ரூபாய். எந்த பிளேயர்?

ப: எதுவும் வேண்டாம். இயர்போனுக்கு இயர்போன் ஒலி பல டெசிபல் மாறும். ஒழுங்கான பிளேயருக்குப் பிளேயர் அதில் ஒரு சிறு பங்குதான் மாறும். ஆகவே 35,000க்கு நேரில் கேட்டுப் பார்த்து, காதில் சரியாகப் பொருந்துகிற இயர்போன். போனில் செருக ஒரு டாங்கிள், அதாவது குட்டி டிஏசி. ஆப்பிளின் 9 டாலர் டாங்கிளே அளவீட்டில் பெரிய பெட்டிகளை வெட்கப்பட வைக்கும். ஆண்ட்ராய்டு போனில் அது சத்தம் குறைவாகக் கொடுத்தால் சற்றே விலை கூடிய வேறொன்று. மிச்சப் பணத்துக்குப் பாட்டு வாங்குங்கள்.

போன் மணி குறுக்கிடாமல், போன் பேட்டரி தீராமல், பொத்தானைத் தடவியே பாட்டை மாற்றிக்கொண்டு கேட்க வேண்டுமா? அப்போது பிளேயர் வாங்குவதில் தப்பே இல்லை. அழகாக இருக்கிறது, ஆசையாக இருக்கிறது என்றும் வாங்கலாம், அது உங்கள் காசு. ‘ஒலிக்காக’ என்று வீட்டில் சொல்வதற்கு முன்னால் மட்டும், ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன 16 தடவைப் பரீட்சையை எழுதிப் பாஸாகிவிடுங்கள்.