‘ஹோப்லெஸ்’ என்னும் திசைச்சொல்: ஓர் ஆய்வு

தமிழ்நாட்டு வீடுகளில் சாய்வு நாற்காலியிலிருந்து பிறக்கும் சொற்களுள் ‘ஹோப்லெஸ்’ தலையாயது; ‘இடியட்’, ‘யூஸ்லெஸ்’, ‘ராஸ்கல்’ எல்லாம் அதன் பரிவாரம். பவணந்தியார் நன்னூலில் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பிரித்துவிட்டுப் போனார். நம் சொல் வந்த திசை மேற்கு, வந்த வழி கப்பல். ஆகவே திசைச்சொல். அவர் எண்ணிய 18 நிலங்களில் இங்கிலாந்து இல்லையே என்பாரும் உளர்; அவர்களுக்கு விடை கூறி இடத்தை வீணாக்குவதற்கில்லை.

வாலில் உள்ள ‘லெஸ்’ குறைவைக் குறிப்பதாக எண்ணி, நம்பிக்கை கொஞ்சமாவது மிச்சமிருக்கிறது என்று ஆறுதல் கொள்ளும் மாணவர் உண்டு. பாவம். அது ‘அற்ற’ என்று பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. ஜெர்மானியரின் ‘லோஸ்’ அதற்குப் பங்காளி. குறைவைக் குறிக்கும் ‘லெஸ்’ வேறு குடும்பம், பெண் கொடுக்கல் வாங்கல்கூடக் கிடையாது. இலக்கணப்படி நம்பிக்கை துடைத்து எடுக்கப்பட்டுவிட்டது.

சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியிலேயே இச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு: நம்பிக்கை இழந்த, நம்பிக்கை தராத. நம் வீட்டுக் கூடத்தில் இழந்தவர் நாற்காலியில் இருக்கிறார், தராதவன் தூணோரம் நிற்கிறான், ஒரே சொல் இருவருக்கும் போதுகிறது.

ஆனால் வழக்கு இலக்கணத்தோடு ஒத்துப்போகவில்லை. முதன்மைச் சான்று, ப்ராக்ரஸ் ரிப்போர்ட். கணக்கில் 52. தந்தை பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகுகிறார்; மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை; ‘ஹோப்லெஸ்’ என்ற முழக்கம்; கையெழுத்து. அன்று மாலையே செருப்பை மாட்டிக்கொண்டு ட்யூஷன் வாத்தியாரைத் தேடிப் போகிறார். நம்பிக்கை அற்றவர் எதற்காக ஃபீஸ் கட்ட வேண்டும்? 35 வாங்கிப் பாஸானவன் மீதும் இதே முழக்கம்தான், சுருதி மட்டும் கூடுகிறது. ஆனால் அதே கட்டத்தில் 9 இருந்தால் வாயிலிருந்து ஒன்றும் வருவதில்லை. கையெழுத்துப் போட்டு, மடித்துக் கொடுத்து, பேப்பரை விரித்துக்கொள்கிறார். அகராதிப் பொருள் அங்கேதான் முழுமையாகப் பொருந்துகிறது, சொல்தான் வரவில்லை. சத்தம் கேட்கும்வரை பையன் பயப்படத் தேவையில்லை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இனி இட ஆராய்ச்சி. இச்சொல் முன்னிலையில் அருகியே வரும், படர்க்கையில் பெருகி வரும். எய்யப்படுவது பையன் மீது; குறி பார்ப்பது சமையலறையை. “உன் பிள்ளை ஹோப்லெஸ்” என்பதே முழு வடிவம். அம்மாக்கள் இச்சொல்லை ஆள்வதில்லை. அவர்களிடம் “எங்க உருப்படப் போறான்” என்ற தூய தமிழ் வாக்கியம் இருக்கிறது, கூடவே தோசையும் வருகிறது. ‘விளங்காதவன்’, ‘தேறாத கேஸ்’ போன்றவை கைவசம் இருக்க, அப்பாக்கள் ஏன் ஆங்கிலம் போனார்கள்? நன்னூலார் சொன்ன மங்கல வழக்குதான் காரணம் என்று தோன்றுகிறது. பெற்ற பிள்ளையை ‘விளங்கமாட்டாய்’ என்றால் பலித்துத் தொலைக்குமோ என்ற அச்சம். ஆங்கிலத்தில் சொன்னால் சாபம் ஒட்டாது. நம்மூர்த் தெய்வங்கள் அந்த மொழியைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அஃறிணையிலும் இச்சொல் செல்லும். நடுவர் தீர்ப்பு ஹோப்லெஸ், தெருவிளக்கு ஹோப்லெஸ், மருமகன் ஊர் ரோடு ஹோப்லெஸ். இவற்றில் சிக்கல் ஏதுமில்லை. இக்கொள்கைக்கு அடங்காமல் நிற்பது காபி ஒன்றே. இரண்டாம் டிகாஷன் என்று முதல் வாயிலேயே கண்டுபிடித்து, “ஹோப்லெஸ்” என்று டம்ளரை நங்கென்று தபராவில் வைப்பார்கள். எடுத்துப் பார்த்தால் டம்ளரில் சொட்டுகூட இருக்காது. சற்று நேரத்தில் கூடத்திலிருந்து குரல் வரும்: “இன்னும் அரை டம்ளர் இருக்கா?”