புள்ளி வைத்த கோப்புகள்

யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில், எந்த ஃபோல்டரைப் பட்டியல் போட்டாலும் இரண்டு பெயர்கள் முந்திக்கொண்டு வந்து நின்றன. ஒற்றைப் புள்ளி என்றால் இதே ஃபோல்டர். இரட்டைப் புள்ளி என்றால் மேலே உள்ள ஃபோல்டர். அவற்றை மட்டும் மறைக்கச் சோம்பல்பட்டு, ‘முதல் எழுத்து புள்ளியா? விட்டுத்தள்ளு’ என்று எல்எஸ் கட்டளையில் யாரோ சுருக்கமாக எழுதிவிட்டார்கள். யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012-இல் சொன்ன கதை இது.

புள்ளி வைத்தால் கண்ணில் படாது என்று தெரிந்ததும் மென்பொருள் எழுதுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? தங்கள் செட்டிங்ஸ் கோப்புகளுக்கெல்லாம் புள்ளி வைத்துவிட்டார்கள். என் ஹோம் ஃபோல்டர் பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். எல்எஸ்ஸோடு ‘ஹைஃபன் ஏ’ சேர்த்தால், பரண் கதவைத் திறந்த மாதிரி அத்தனையும் தலையில் விழும்: டாட் பாஷ்ஆர்சி, டாட் விம்ஆர்சி, டாட் கிட்கான்ஃபிக், எப்போதோ நீக்கிய செயலிகளின் மிச்சம் மீதி.

எல்எஸ்ஸில் சுருக்கமாக எழுதிய அந்த மகானுபாவர் மிச்சம் பிடித்த ஓரிரு வரிக்காக இன்று நான் பக்கம் பக்கமாக ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். ஏற்பாடு என்னவோ எளிதுதான். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு கிட்டில் ஏற்றிவிட வேண்டியது. அவை இருந்த இடங்களில், அசலைச் சுட்டிக்காட்டும் சிம்லிங்க் வைக்க வேண்டியது. புது லேப்டாப் வந்தால் ஸ்கிரிப்டை ஓட்டினால் போதும்.

போதாது. லிங்க் போடும் எல்என் கட்டளை அநியாயத்துக்கு நல்லவர். இல்லாத கோப்புக்கும் மறுபேச்சில்லாமல் சிம்லிங்க் போட்டுக் கொடுப்பார். ஃபோல்டர் என்றால் இன்னும் விசேஷம். ஸ்கிரிப்டை இரண்டாம் தடவை ஓட்டினால், பழைய லிங்க்கை மாற்ற மாட்டார். அதன் வழியாகவே உள்ளே புகுந்து, அசல் ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொன்று வைப்பார். நியோவிம் ஃபோல்டருக்குள் நியோவிம், அதைத் திறந்தால் மறுபடி நியோவிம். லிங்க்கை லிங்க்காகவே பாருங்கள் ஐயா என்று அவரிடம் சொல்ல ‘ஹைஃபன் என்’ என்றொரு எழுத்து இருக்கிறது. அந்த ஓரெழுத்தைச் சேர்த்ததற்கு நான் எழுதிய கமிட் செய்தி ஒரு பக்கம்.

இதையெல்லாம் செய்ய குனூ ஸ்டோ என்று தயாராகவே ஒரு கருவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது நான் எழுதியது இல்லையே.

அலுவலகத்தில் பக்கத்து சீட் தம்பிக்கும் எனக்கும் ஒரே நாளில் புது லேப்டாப் வந்தது. நான் ஸ்கிரிப்டுக்கு புதிதாக ‘ட்ரை ரன்’ வசதி சேர்த்துக்கொண்டிருந்தேன். அவன் பென்டிரைவைச் செருகி நாலு ஃபைலை இழுத்துப் போட்டுவிட்டு டீக்குக் கிளம்பினான்.

“நாளைக்கு செட்டிங்ஸ மாத்துனா என்னடா பண்ணுவ?”

“எதுக்குண்ணா மாத்தணும்?”