வீட்டுக்கு ஒரு சர்வர்

குரோம்பேட்டையில் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். இந்தக் கட்டுரையை எழுதுபவருக்கு மிக நெருக்கமானவர். இருவரும் ஒரே சட்டையைத்தான் போட்டுக்கொள்கிறார்கள் என்கிற அளவுக்கு நெருக்கம். அண்ணன் மகளின் வளைகாப்பில், பெண்ணின் கையில் முதல் வளையல் ஏறும் நேரம் பார்த்து அவர் போனைத் தூக்கினார். போன் இடமில்லை என்றது. அங்கேயே நின்று பழைய குட்மார்னிங் படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். நிமிர்ந்தபோது வளையல் அடுக்கி முடித்து, புளியோதரைக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது.

குற்றம் போனுடையது மட்டுமில்லை. எத்தனை படம் வந்தாலும் தர்மசத்திரம்போல இடம் கொடுத்துக்கொண்டிருந்த கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபி வரைதான் இலவசம் என்று சொல்லிவிட்டது. அதற்கு மேல் வாடகை. மாதாமாதம் தம்முடைய படங்களுக்கே வாடகை கட்டுவதா என்று நம்மவருக்கு ரோஷம் வந்தது. ரோஷம் வந்தால் அவர் ஏதாவது வாங்குவார். வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“வீட்டுக்கு ஒரு சர்வர் போடலாம்னு இருக்கேன்” என்றார், இரவுச் சாப்பாட்டின்போது.

அம்மா இட்லியைப் பிட்டபடியே கேட்டார்: “நாலு பேருக்குப் பரிமாற ஆள் எதுக்குடா?”

மனைவி கேட்டார்: “சம்பளம் எவ்வளவுங்க?”

சர்வர் சுந்தரம் படம் வந்தது 1964-இல். அதற்கு முன்பும் பின்பும் தமிழ்நாட்டில் சர்வர் என்றால் தோளில் துண்டும் கையில் நாலு டவராவுமாக வருகிற ஆள்தான். “ஆள் இல்லம்மா, படமெல்லாம் வச்சுக்கிற பொட்டி” என்று அவர் விளக்கினார். ஆனால் எதற்கு, சம்பளம் எவ்வளவு என்ற இரண்டையும் அன்று இரவே உட்கார்ந்து யோசித்திருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

அவர் யோசிக்கவில்லை. யூடியூப் பார்த்தார்.

முதலில் மனதில் பட்டது ராஸ்பெரி பை. உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர்ப் பலகை. 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது, அதனால் நாலு வருடத்துக்கு ஒரு முறைதான் பிறந்தநாள். ஆரம்ப விலை 35 டாலர். பலகை மலிவுதான், அதற்கு மின் இணைப்பி, உறை, விசிறி, மெமரி கார்டு, டிஸ்க்கை மாட்ட ஒரு தொட்டில் என்று சீர்வரிசை சேரும்போதுதான் கல்யாணச் செலவு தெரியும். அடுத்து, என்ஏஎஸ் என்கிற தயார்ப் பெட்டிகள். தைவான்காரர்களான சைனாலஜியும் க்யூநாப்பும் இதில் பெரிய கைகள். இரண்டு டிஸ்க் செருகும் பெட்டியை வாங்கி, மாட்டி, பொத்தானை அமுக்கினால் போதும். பெட்டியின் விலையைப் பார்த்தார். அதில் டிஸ்க் சேராது என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. பக்கத்தை மூடினார். பரணில் கிடந்த பழைய பெரிய கம்ப்யூட்டர் ‘நான் இருக்கேனே’ என்று பார்த்தது.

அதை இறக்கித் தூசி தட்டி, சுவரில் செருகும் வாட் மீட்டர் ஒன்றைக் கடன் வாங்கி அளந்தார். சும்மா இருக்கும்போதே 60 வாட். இங்கேதான் மனைவியின் கேள்வி திரும்பி வந்தது. வீட்டு சர்வருக்கு ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை. 24 மணி நேரமும் நிற்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு 1,440 மணி நேரம். 60 வாட் என்றால் 86 யூனிட். அதையே 15 வாட்டில் முடிக்கிற பெட்டிக்கு 22 யூனிட் கூட ஆகாது. நம் ஊர் கரண்ட் பில்லில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் மேலே ஏறிய யூனிட்டுக்கு மட்டுமில்லை, கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுக்கும் கட்டணம் மாறும். கோடையில் 470-இல் நிற்கிற குடும்பம் அது. பழைய கம்ப்யூட்டர் மறுபடி பரணுக்குப் போனது.

அம்மாவின் கேள்விக்கு இழுப்பறைதான் பதில் சொன்னது. அதில் ஆறு டிஸ்க் இருந்தன. ஒன்றில் ‘முக்கியம்’ என்று ஒட்டியிருந்தது, இன்னொன்றில் ‘ரொம்ப முக்கியம்’. எதுவும் ஒட்டாத மூன்றாவதில்தான் கல்யாண வீடியோ. மாட்டியதும் அது டிக், டிக் என்றது. அவர் சாமி படத்தைப் பார்த்தார். வந்துவிட்டது. எல்லாவற்றையும் கூட்டினால் சொந்தப் படமும் வீடியோவும் 600 ஜிபி, சினிமாவும் பாட்டும் 1,100. ஆக 1.7 டிபி. 1956-இல் ஐபிஎம் செய்த முதல் ஹார்ட் டிஸ்க் இயந்திரம் ஒரு டன் எடை, அதில் 24 அங்குலத் தட்டு 50, கொள்ளளவு 5 எம்பிதான். மச்சினர் போன வாரம் அனுப்பிய வாழைப்பூ வடைப் படம் 6 எம்பி. அந்த இயந்திரத்தில் வடை அடங்கியிருக்காது.

சரி, சினிமாவை டிவிக்கு அனுப்ப எவ்வளவு பலம் வேண்டும்? இதற்கு ஓட்டல் சர்வரையே எடுத்துக்கொள்ளலாம். டிவிக்கு அந்தக் கோப்பின் வகை தெரியுமென்றால் சர்வருக்கு வேலை தட்டைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பது மட்டும்தான். அதை எந்த நோஞ்சான் சிப்பும் செய்யும். டிவி ‘எனக்கு இது ஒத்துக்காது’ என்றால், சர்வர் சமையற்கட்டுக்கு ஓடி, ஓடுகிற படத்தை ஓடும்போதே வேறு வகைக்கு மாற்றிச் சமைத்துக் கொண்டுவர வேண்டும். டிரான்ஸ்கோடிங் என்பது அதுதான். ராஸ்பெரி பை 5-இல் வீடியோவை இப்படி மாற்றி எழுத தனி அடுப்பே கிடையாது. இன்டெல் சிப்புகளில் 2011 முதல் க்விக் சிங்க் என்று ஓர் அடுப்பு உள்ளேயே உண்டு; ஏழாம் தலைமுறையிலிருந்து அது 10 பிட் எச்இவிசி வகை வீடியோவையும் பொரித்து எடுக்கிறது. யூடியூப்பில் மூன்று மாதம் சண்டை போட்டவர்கள் யாரும் இதை அவருக்கு இப்படிச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போனார். அலுவலகங்கள் கழித்துக் கட்டிய குட்டிக் கம்ப்யூட்டர்கள் அங்கே செங்கல்போல அடுக்கியிருக்கும். ஒரு லிட்டர் கொள்ளளவு, சாப்பாட்டு டப்பா அளவு. எட்டாம் தலைமுறைச் சிப், 8 ஜிபி ராம். கடைக்காரர் 14,000 என்றார். நம்மவர் 11,000 என்றார். கடைக்காரர் பதில் சொல்லாமல் அடுத்த ஆளுக்கு மவுஸ் விற்றார். டீ வந்தது, போனது. 12,500-க்கு முடிந்தது, ‘உங்களுக்காகத்தான் சார்’ இலவசம்.

அந்த டப்பாவுக்குள் பெரிய டிஸ்க் நுழையாது என்பது வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. வெளியே யூஎஸ்பியில் மாட்ட 4 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினார். கணினி ஒவ்வொன்றையும் 3.63 டிபி என்றது. கடையில் எடைபோட்டது ஆயிரத்தில், விண்டோஸ் எடைபோடுவது 1,024-இல். இரண்டும் சரியான தராசுதான், குறைவது மட்டும் எப்போதும் வாங்குபவர் பக்கம்.

இரண்டு டிஸ்க் எதற்கு என்று மகள் கேட்டாள். “ரெய்டும்மா. ஒண்ணு போனா இன்னொண்ணு.” இந்த ரெய்டுக்கும் வருமானவரித் துறைக்கும் சம்பந்தமில்லை. 1988-இல் பெர்க்லியில் மூன்று பேர் எழுதிய கட்டுரையில் அதன் ஆங்கிலச் சுருக்கத்தில் வரும் ‘ஐ’ எழுத்துக்கு மலிவானது என்று பொருள். பின்னால் தொழிலுக்கு வந்தவர்கள் அதைத் ‘தனித்தியங்குவது’ என்று மாற்றிக்கொண்டார்கள். விலைப்பட்டியலைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். மகள் விடவில்லை. “அப்பா, நீங்க தப்பா ஒரு ஃபோல்டரை டெலீட் பண்ணினா?” இன்னொன்றிலும் அதே நொடியில் அழியும். அவர் கொஞ்சநேரம் சாம்பாரைக் கிளறினார். பிறகு ரெய்டை விட்டுவிட்டு, இரண்டாவது டிஸ்க்கைத் தனிப் பிரதியாக வைத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் அவர் எடுத்த ஒரே நல்ல முடிவு இது, யோசனை அவருடையதில்லை.

வெள்ளிக்கிழமை இரவு நகலெடுக்கத் தொடங்கினார். மேசைக் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்கு, ரௌட்டர் வழியாக. திரையில் விநாடிக்கு 11.5 எம்பி. மீதி நேரம் 41 மணி. புது சர்வர், புது ரௌட்டர், ஏன் இந்த நடை? நள்ளிரவு வரை அமைப்புகளைக் குடைந்தார். காலையில் மகள் குனிந்து கேபிளின் முனையைப் பார்த்தாள். எட்டுக் கம்பியில் பழுப்புக் கம்பி மட்டும் கிளிப்புக்குள் போகாமல் வளைந்து வெளியே எட்டிப் பார்த்தது. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நாலு கம்பி இருந்தாலே 100 மெகாபிட் ஓடிவிடும். அதனால்தான் யாரும் ஒன்றும் சொல்லாமல் நடந்துகொண்டிருந்தது. வேறு கேபிள் மாட்டியதும் 110 எம்பி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்தது.

டிஸ்க்கை இரும்பு பீரோ மேல் வைத்தது அடுத்த தவறு. இரவில் பீரோவே வீணைக் குடமாகி ‘உம்’ என்று சுருதி சேர்த்தது. கீழே பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டதும் அடங்கியது.

சினிமாவை டிவிக்கு அனுப்ப ஜெல்லிஃபின் போட்டார். எம்பி (Emby) என்கிற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் தன்னார்வலர்கள் தனிக்குடித்தனம் வந்து உண்டாக்கியது, காசு கிடையாது. முதல் காட்சிக்குக் குடும்பமே உட்கார்ந்தது. பத்து நிமிடத்தில் படம் இந்த வாரம் ஓடிடியிலேயே வந்திருப்பதை மனைவி கண்டுபிடித்து அங்கே மாறிவிட்டார். ஆனால் புகைப்படங்களுக்காகப் போட்ட இம்மிச் என்கிற மென்பொருள் வீட்டைப் பிடித்துக்கொண்டது. அது முகங்களை அடையாளம் கண்டு ஆள்வாரியாகப் பிரிக்கும். அம்மாவை மூன்று பேராகப் பிரித்தது. அப்பாவையும் பெரியப்பாவையும் ஒருவராகச் சேர்த்தது. “ஊரே அப்படித்தான் ஏமாந்துது, பொட்டி என்ன பண்ணும்” என்றார் அம்மா. இப்போது மதியத்தில் அவருக்கு அதைத் திருத்துவதுதான் பொழுது.

வீடு முழுக்க ஒரே கூரை, திருடனும் வெள்ளமும் இரண்டு பிரதியையும் சேர்த்தே கொண்டுபோகும் என்பதால், பழையதில் உருப்படியான ஒரு டிஸ்க்கில் சொந்தப் படங்களை மட்டும் ஏற்றி, துண்டில் சுற்றி, திருச்சியில் தங்கை வீட்டுப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தார். நாலு நாள் கழித்துத் தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, அந்த டப்பாவுக்கு ஏதாவது பண்ணணுமா?”

“ஒண்ணும் வேண்டாம்மா. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நானே வந்து போட்டுப் பார்க்கிறேன்.”

“சரி. வரும்போது என் மாவடு ஜாடியைத் திருப்பிக் கொண்டா. அதுவும் ஒண்ணுதான் இருக்கு.”