குரங்கும் கல் தலையணையும்

"கண்டதையும் நினைக்காதே மாப்ளே, தூக்கம் தன்னால வரும்" என்றார் மாமா. குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடிக்கச் சொன்ன வைத்தியரின் நேரடி வாரிசு. அன்றிரவு இரண்டு மணிக்கு குரங்குகள் வரிசைகட்டி வந்தன: கேஸை மூடினேனா, பஸ் கவிழ்ந்தால், நெஞ்சு வலித்தால்…

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் குகையில் சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. தலைமாட்டில் கல்லிலேயே ஒரு மேடு, அதுதான் தலையணை. மனதை அடக்க 2,000 ஆண்டுகளுக்கு முன் பாறையில் படுத்தார்கள். நான் படுத்திருப்பது மாதத் தவணையில் வாங்கிய மெத்தையில். அந்தத் தவணையே நாலாவது குரங்கு.

போன வாரம் மாமாவே ரகசியமாக மனநல உதவி நம்பர் கேட்டார். டெலி மானஸ், 14416. கட்டணமில்லை, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.