மேதைக்கு ஒரு மெமோ

1912-இல் சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். பெயர் ராமானுஜன். மேலதிகாரி நாராயண ஐயருக்கும் கணிதப் பித்து உண்டு. கண்டிக்க வேண்டியவர், மாலையில் கூடவே உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டார். துறைமுகத் தலைவர் ஸ்பிரிங் துரையும் இதற்கு உடந்தை. மறுவருஷமே பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்து, குமாஸ்தாவை நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டது.

என்ன நிர்வாகச் சீர்கேடு! இன்றைய எச்.ஆர். விட்டிருக்குமா? நேர மேலாண்மைக்கு ஒரு பயிலரங்கு. தனியாகச் சாப்பிடுகிறார், ஆகவே டீம் ஒர்க்கில் ஐந்துக்கு இரண்டு. நிரூபணம் காட்டாமல் விடையை மட்டும் எழுதுகிறார் என்று ஒரு மெமோ. அரியர் இருப்பதால் பதவி உயர்வுப் படிவத்தை கம்ப்யூட்டரே ஏற்காது. "உங்க ஆர்வத்தை மதிக்கிறோம் தம்பி, மார்ச் முடியட்டும்." (வருஷக் கணக்கு முடிக்கிற மாதத்தில் மேதைமைக்கு எந்த ஆபீஸிலும் லீவு கிடையாது.)

டிசம்பர் 22 வந்தால் தேசியக் கணித தினம். ராமானுஜன் படத்துக்கு மாலை, எல்லோருக்கும் கேசரி. அந்தக் கூட்டத்துக்கு வராமல் மேசையில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்த ஜூனியரிடம் மட்டும் எழுத்து மூலம் விளக்கம் கேட்பார்கள்.