கரையும் கறையும்: டிரைவர் எழுதுவோர்க்கு ஒரு பழவேற்காட்டு உரை

டிரைவர் இரு வகைப்படும். கர்னலுக்குள் இருப்பது ஒன்று, வெளியே யூசர்ஸ்பேஸில் இருப்பது மற்றொன்று. இதை விளக்கக் கல்லூரிகளில் வளையம் வளையமாகப் படம் போடுகிறார்கள். பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு பஸ் ஏறினால் படமே வேண்டாம்.

அங்குள்ள ஏரி கர்னல், கரை யூசர்ஸ்பேஸ். கரையில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர் கை தவறினால் அவர் வலையோடு போயிற்று. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டாலோ ஏரியிலிருந்து ஒரு படகும் கடலுக்குப் போகாது. இதைக் கர்னல் பேனிக் என்பர்.

ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களுக்குப் ‘பாடு’ உண்டு. (படும் பாடு வேறு, அது டிரைவர் எழுதுவோர்க்கு உரியது.) கோட்டைக்குப்பம் போன்ற சில குப்பத்தார் சீட்டுப் போட்டு, இன்று இவருக்கு, நாளை அவருக்கு என்று இடத்தை முறைவைத்துக்கொள்கிறார்கள். தண்ணீரில் வேலி ஏது? ஆனாலும் பாடு இல்லாதவர் அங்கே வலை கட்டுவதில்லை.

லினக்ஸ் கர்னலுக்கு இந்தப் பாடு 1992இல் வந்தது. பெயர் ஜிபிஎல் உரிமம். அதை ஏற்காத மாட்யூலுக்கு உள்ளே சில சாமான்கள் கிடைக்கா. ஆனால் கர்னல் அதைத் துரத்துவதில்லை. ‘கறைபட்டது’ என்று தன்மேலேயே எழுதிக்கொள்கிறது. பிறகு ஏதாவது கோளாறு என்று போய் நின்றால் கர்னல்காரர்கள் முகம் கொடுப்பதில்லை. ஊர்விலக்கத்தை இவ்வளவு நாகரிகமாகச் செய்தவர்கள் வேறெவரும் இல்லை.

கரையிலிருப்போருக்கு இந்தத் தொல்லை கிடையாது. சிஸ்டம் கால் வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும் நிரலை ஜிபிஎல் தொடாது என்று கர்னலின் உரிமக் கோப்பே சொல்கிறது. 2007இல் யுஐஓ என்ற வசதி கர்னலுக்கு வந்தது. இன்டரப்டைக் கவனிக்க உள்ளே ஒரு துண்டு நிரல் போதும், மிச்சத்தைக் கரையில் வைத்து மூடிக்கொள்ளலாம். அப்படி வைப்பவரைக் கேட்டால் பாதுகாப்புக்காக என்பார். நம்பலாம், அடகுக்கடைக்காரர் அவசரத்துக்கு உதவுவதாகச் சொல்வதை நம்புகிற அளவுக்கு.

கரையிலிருந்து வேலை செய்தால் மெதுவாகாதா எனின், ஆகும்; எல்லை தாண்டும் ஒவ்வொரு முறையும் நேரம் போகும். இதற்கு விலக்கு டிபிடிகே என்னும் நிரல்தொகுப்பு. நெட்வொர்க் கார்டையே கரைக்கு இழுத்துவந்து, அதைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு பிராசஸர் கோரை நேர்ந்துவிடுகிறது. இராமுழுக்கக் கண்கொட்டாமல் வலையைப் பார்க்க ஆள் வைத்தது மாதிரி. வேகத்தில் கர்னலை முந்துகிறது. மீனே வராத இரவிலும் ஆளுக்குக் கூலி உண்டு.

கறைக்கு அஞ்சியவர்களில் தலையாயது லினக்ஸண்ட் என்ற மோடம் டிரைவர் நிறுவனம். 2004இல் அதன் மாட்யூலில் உரிமம் ‘ஜிபிஎல்’ என்றிருந்தது. அடுத்து ஒரு சுழி. அதற்கப்பால் ‘என்ற கோப்புறையில் உள்ளவற்றுக்கு மட்டும்’ என்னும் பொருளில் மீதி வாசகம். சி மொழியில் சுழி வந்தால் வாசகம் முடிந்தது. கர்னல் அதுவரை படித்து வழிவிட்டது. எச்சரிக்கைச் செய்திகள் வாடிக்கையாளரைக் குழப்பாதிருக்கவே இப்படி என்றது நிறுவனம்.

சீட்டுப் போடும் இடத்தில் ஒருவர் “பாடு உண்டு எங்கள் வீட்டுக்கு” என்று உரக்கச் சொல்லிவிட்டு, “எதிர்வீட்டுக்கு” என்று வாய்க்குள் முணுமுணுப்பதற்கு ஒப்பானது இது. குப்பத்தில் செல்லாது. அங்கே அவர் தாத்தாவையும் எல்லோருக்கும் தெரியும்.