பத்து வருஷத்துக்கு எத்தனை?

பார்மசி அட்மினிஸ்ட்ரேஷனில் பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்றதும் மாமனார், "இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துட்டு, இப்பதான் மருந்துக் கடை வைக்கணும்னு தோணுச்சா மாப்பிள்ளை?" என்றார். கடை இல்லை மாமா, மருந்துக்கு யார் விலை வைப்பது, அந்த விலைக்கு அது தகுமா, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நோயாளி ஏன் பாதியில் நிறுத்துகிறார் என்றெல்லாம் ஆராய்கிற படிப்பு, அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித் துறையே இருக்கிறது என்று விளக்கினேன். "அப்போ கடை அங்கேயா?" என்றார்.

ஆராய்ச்சிக்கு முன்னால் கோர்ஸ் வொர்க் என்று ஒன்று வழிமறிக்கிறது. யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி குறைந்தது 12 கிரெடிட், 55 சதவீத மதிப்பெண். ஆய்வு முறையியலும் ஆய்வு நெறிமுறையும் கட்டாயம். மிச்சத்தை ஆய்வுத் தலைப்புக்குத் தக்கபடி நாமே திட்டமிடலாமாம். கல்யாணமான நாள் முதல் சட்டையின் நிறத்தைக்கூடத் தேர்ந்தெடுக்காத மனிதனிடம் 'நாமே' என்றால் என்ன செய்வான்?

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்குகளில் வி.இ.டி. என்று ஒரு பகுப்பு உண்டு. இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பது வைட்டல், அவசியமானது எசென்ஷியல், இருந்தால் நல்லது டிசையரபிள். அதையே பாடங்களுக்குப் போட்டுப் பார்த்தேன். புள்ளியியல் வைட்டல், மருந்துப் பொருளியல் எசென்ஷியல். எனக்குப் புரிகிற பாடங்கள் மொத்தமும் டிசையரபிளில் போய்க் கூட்டமாக உட்கார்ந்துகொண்டன. 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீத லாபம் என்பது உட்பட. கைடு என்னிடமே படித்த பெண். "தெரிஞ்சதுக்கு எதுக்கு சார் கிரெடிட்?" என்று மரியாதையாக அடித்துவிட்டார்.

ஆகவே புள்ளியியல். நிகழ்தகவில் ஒரு சந்தேகத்தைப் பிளஸ் டூ படிக்கும் மகளிடம், சும்மா பரீட்சை வைப்பவன் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். "இது டென்த்லயே வந்துருச்சேப்பா" என்றாள்.

பொருளியலிலாவது மானத்தைக் காப்பாற்றுவோம் என்று அந்தப் புத்தகத்தைப் பிரித்தேன். 'டைம் டிரேட் ஆஃப்' என்றொரு முறை. இந்த நோயோடு பத்து வருஷம் வாழ்கிறீர்களா, பூரண சுகத்தோடு அதைவிடக் குறைவாக வாழ்கிறீர்களா என்று கேட்பார்கள். எத்தனை வருஷத்துக்கு ஆள் இறங்கி வருகிறாரோ, அதைப் பத்தால் வகுத்தால் அந்த வாழ்க்கையின் மதிப்பு. ஒன்று என்றால் முழு ஆரோக்கியம், பூஜ்யம் என்றால் மரணம். சாவதே தேவலை என்று மைனஸில் போகிற நிலைகளும் உண்டு.

பயிற்சி முக்கியமல்லவா? பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவியிடம் போனேன். "இப்ப இருக்கற என்னோட பத்து வருஷம். இல்லேன்னா, ஒரு குறையும் இல்லாத புருஷனோட அதைவிடக் கம்மி வருஷம். எத்தனைக்கு ஒத்துக்குவே?"

"ஆறு." தலை நிமிரவில்லை, யோசிக்கவும் இல்லை.

வகுத்தேன். 0.6. யு.ஜி.சி.யே 55 போதும் என்கிறது, நான் 60 வாங்கியிருக்கிறேன்! பாஸ் என்று அறிவித்தேன்.

"அது இன்னிக்குத் தேதிக்குங்க" என்றாள். "நீங்க கிளாஸ் போக ஆரம்பிச்சப்புறம் மறுபடி வந்து கேளுங்க."